சீலையை அரையில் கட்டிக்கொண்டு

"மக்கா, ஒரு தடவை டோனாவூருக்குக் கூட்டிட்டுப் போ. அம்மையைப் பாத்துட்டு வந்திருவோம்" என்று ஆச்சி ஒரு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு 86 வயது. என் அப்பாவைப் பெற்றது டோனாவூர் ஆஸ்பத்திரியில்தான் என்பதால் அந்த ஊர்மேல் தனிப் பிரியம். சரி என்று ஒரு சனிக்கிழமை காலையில் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினோம். காரில் நான், ஆச்சி, அப்பா, சித்தப்பா.

அப்பாவும் சித்தப்பாவும் ஒரே காரில் ஏறியதே பெரிய விஷயம். அப்பா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையை விட்டு அசையாதவர். சித்தப்பா பத்து வருஷத்துக்கு முன்னால் தாமிரபரணியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து வேறு சபைக்குப் போனவர். பச்சைக்குழந்தையாக இருக்கும்போது தெளித்ததெல்லாம் ஞானஸ்நானம் ஆகாது என்று அவர் சொல்ல, "அப்படின்னா நம்ம அப்பா ரட்சிப்பு இல்லாமலா செத்தாரு?" என்று இவர் கேட்க, அன்றோடு பேச்சு நின்றது. நானும் சும்மா இருக்கவில்லை. வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு வசனத்துக்கு வசனம் சித்தப்பாவை மடக்கியிருக்கிறேன். அதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நாங்குநேரி தாண்டும்போது அதே பேச்சு மறுபடி ஆரம்பித்தது. ஆச்சி ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

டோனாவூர் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் கிராமம். ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் இங்கே ஆலயம் கட்டப் பணம் கொடுத்த டோனா பிரபுவின் பெயர்தான் ஊர்ப் பெயராகிவிட்டது. ஆனால் வெளியூர்க்காரர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் நினைப்பது ஏமி கார்மைக்கேல் அம்மையாரைத்தான். வட அயர்லாந்தில் 1867-இல் பிறந்தவர். 1895-இல் மிஷனரியாக இந்தியாவுக்கு வந்தவர் சாகும்வரை 55 ஆண்டுகள் ஒருமுறைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை.

வந்த புதிதில் அவரும் பிரசங்கம்தான் பண்ணினார். பொன்னம்மாள் போன்ற சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு, மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1901 மார்ச்சில் ஒரு சிறுமி பண்ணைவிளையில் அவரிடம் வந்து சேர்ந்தாள். ஏழு வயது. தேவதாசியாக்குவதற்காக வைத்திருந்த வீட்டிலிருந்து தப்பி ஓடி வந்தவள். (பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணத்தில் சட்டம் போட்டு ஒழித்தது 1947-இல்தான்.) அவளுக்குப் பின்னால் இன்னும் பிள்ளைகள் வந்தார்கள், கைக்குழந்தைகளும் வந்தார்கள். பிள்ளை வந்தால் தாய்க்குக் கால்கட்டு என்று நம் ஊரில் சொல்வது அப்படியே அவருக்குப் பலித்தது. ஊர் ஊராகப் போவது நின்றது. டோனாவூரில் அந்தப் பிள்ளைகளுக்கான இல்லம் வளர்ந்தது, பிறகு ஆஸ்பத்திரியும் வந்தது.

எனக்கு இந்த இடம்தான் பெரிதாகப்படுகிறது. பிரசங்கத்துக்கு மரியாதை உண்டு. பீத்துணி அலசுவதற்கு என்ன மரியாதை? அது ஆயா வேலை என்று ஒதுங்கியவர்கள் அந்தக் காலத்தில் நிறையப்பேர். பொன்னம்மாள் ஒதுங்கவில்லை. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நோஞ்சான் குழந்தைகளுக்காக ஒரு வீடு எடுத்தபோது, ராத்திரி பகல் பார்க்காமல் அவர்களை வளர்த்தது அவர்தான்.

யோவான் 13-ஆம் அதிகாரத்தில், இயேசு ஒரு சீலையை, அதாவது ஒரு துண்டுத் துணியை, எடுத்து அரையில் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவுகிறார். சின்ன வயதில் சீலை என்றால் ஆச்சி கட்டுகிற சேலை என்றே நினைத்திருந்தேன். பெண்கள் வேலை செய்யும்போது முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வார்களே, அப்படித்தான் இயேசுவும் குனிந்திருப்பார் என்று ஒரு படம் மனதில் இருந்தது. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தப் படத்தைக் கண்ணாலேயே பார்த்தேன்.

நெற்றியில் விபூதி இட்ட ஒரு வயசாளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எதிரே தரையில் ஒரு அக்கா. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். பெரியவரின் கால் நகங்கள் மஞ்சளாகத் தடித்து, சதைக்குள் வளைந்திருந்தன. நெயில் கட்டர் வாய்க்குள்ளேயே போகவில்லை. அக்கா ஒரு பேசினில் வெந்நீர் கொண்டுவந்து பாதத்தை அதில் வைத்து, விரல் இடுக்குகளைத் தேய்த்துவிட்டார். கொஞ்ச நேரம் ஊறியதும் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நகமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார். "வலிச்சா சொல்லுங்க தாத்தா." பெரியவர் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டே இருந்தார். "நீ எதுக்கும்மா..." என்றார். அக்கா தலை நிமிரவில்லை. "பிடிச்சு இழுக்காதீங்க, ரத்தம் வந்திரும்" என்றார், அவ்வளவுதான். பத்து விரலும் முடிய அரை மணி நேரம் ஆகியிருக்கும். அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள். அங்கே நின்றவரை இருவரும் வாயே திறக்கவில்லை.

1927-இல் கட்டிய ஜெப வீட்டில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு, கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். தோட்டம் என்றால் தோட்டமேதான், மரமும் செடியுமாக இருந்தது. அம்மையாருக்குக் கல்லறைக் கல் கிடையாது, வேண்டாமென்று அவரே சொல்லிவிட்டார். 1931-இல் களக்காட்டில் ஒரு மருந்தகத்துக்காக வீடு பார்க்கப் போன இடத்தில் குழிக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டவர், அதன்பின் ஏறக்குறைய இருபது வருஷம் படுக்கையிலும் அறையிலுமாகவே இருந்து 1951 ஜனவரி 18-இல் இறந்தார். வளர்த்த பிள்ளைகள் அந்த இடத்தில் குருவிகளுக்குத் தண்ணீர் வைக்க ஒரு கல் தொட்டி மட்டும் நிறுத்தினார்கள். அதில் ஒரே ஒரு சொல்: அம்மை.

நாங்கள் போனபோது தொட்டியில் தண்ணீர் இல்லை, சருகு கிடந்தது. அப்பா குனிந்து கையாலேயே சருகை அள்ளிப் போட்டார். சித்தப்பா எங்கோ போய் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். அவர் ஊற்ற, அப்பா அடியில் படிந்த மண்ணைத் தேய்த்துக் கழுவினார். மறுபடி ஊற்றினார்.

"கொஞ்சமா ஊத்துல. குருவி முங்கிரப் போவுது" என்றாள் ஆச்சி.

சித்தப்பா வாளியை நிமிர்த்திக்கொண்டார். ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. என்ன ஜெபித்தாள் என்று நான் கேட்கவில்லை.

திரும்பும்போது ஏர்வாடியில் டீ குடிக்க நிறுத்தினோம். ஆச்சி காரிலேயே தூங்கிவிட்டாள். அப்பா கடைக்காரரிடம் மூன்று டீ சொன்னார். சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அதுல ஒண்ணு சீனி இல்லாம" என்றார்.