பெய்க்சின் மியாங் குகைத் தீர்த்தம்

பர்மாவின் மேமியோ நகரிலிருந்து லாஷியோ சாலையில் கிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் போனால் பெய்க்சின் மியாங் குகை. மேமியோவின் பெயர் ‘பியின் ஊ ல்வின்’ என்று மாறி வெகுகாலம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது இன்றும் மேமியோதான்.

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூன்றையும் சேர்த்துக் கும்பிடுகிறவர்கள் நாம். இங்கே தீர்த்தமே மூத்தது. புத்தர் சிலைகளும் சின்னச் சின்னப் பகோடா கோபுரங்களும் மனிதர்கள் கொண்டுவந்து வைத்தவை. அதற்கு எத்தனையோ காலம் முன்பே தண்ணீர் பாறையைக் கரைத்துக் குகையைக் குடைந்துவிட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தோம். பாதையை ஒட்டியே ஓடை சலசலக்கிறது. கூரையிலிருந்து சொட்டும் நீர் பிடரியில் விழுந்து உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது. முகத்தில் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய ஒரு பர்மியப் பெண் சிறு கிண்ணத்தால் புத்தர் சிலைக்கு நீர் வார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் கிண்ணத்தைப் பெரியம்மாவிடம் நீட்டினார். "நம் அபிஷேகம்தானடி இது" என்று சொல்லிக்கொண்டே பெரியம்மாவும் வார்த்தார். பிறகு ஓடையில் ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். வேறு எந்தக் கோயிலிலும் அவர் முகத்தில் அப்படியொரு நிறைவை நான் பார்த்ததில்லை.

குகை இருக்கும் ஷான் பீடபூமி சுண்ணாம்புப் பாறை பூமி. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏந்தி லேசான அமிலமாகி, பாறை வெடிப்புகளில் கரைத்துக்கொண்டே இறங்குகிறது. அடியில் ஒன்றுசேர்ந்து குகை வழியே வெளிவந்து, சிற்றாறாகப் பள்ளத்தில் குதிக்கிறது. மணலில் ஊறும் நீரைப்போல இது வடிகட்டப்படுவதில்லை. மேலே மலையில் கொட்டும் அழுக்கு சீக்கிரமே தீர்த்தத்தில் வந்து சேர்ந்துவிடும். அதனால்தான் கரையோரம் கிடந்த பாலிதீன் பைகளையும் சோற்றுப் பொட்டலங்களையும் பார்த்தபோது வயிறு எரிந்தது. கோயில் குளத்தில் எச்சில் துப்ப நமக்கு மனம் வருமா? பொறுக்கிய வரை பொறுக்கி வண்டியில் ஏற்றினோம்.

மழைக்காலத்தில் வெள்ளம் பெருகிப் பாதை வழுக்கும். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் மார்கழி, தை மாதங்களில் போங்கள். மேமியோ குளிருக்குக் கம்பளி அவசியம். குப்பைக்கென்று ஒரு பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.