கால் எங்கே தம்பி?

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சிங்கப்பூரில் பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு எதிலும் ஒரு படம் வந்து விழும். பச்சைப் பின்னணி, நடுவில் வெள்ளையாக ஏதோ ஒன்று. ஓரமெல்லாம் கரைந்துபோய், கொடியில் காயும் பனியன் மாதிரி இருக்கும். கீழே ஒரு வரி: "அண்ணே, சுங்கை பூலோவில் எடுத்தது. இது என்ன கொக்கு?"

ஐந்தே நிமிடத்தில் பதில்கள் வரும். பெரிய கொக்கு என்பார் ஒருவர். சின்னக் கொக்கு என்பார் இன்னொருவர். எதற்கு வம்பு என்று நடுத்தரக் கொக்கு என்பார் மூன்றாமவர். சமரசம் பேசவென்று ஒரு கொக்கு கிடையாது. நடுத்தரக் கொக்கு தனி இனம். இங்கே குளிர்கால விருந்தாளியாக வரும். சுங்கை பூலோ போன்ற சேற்றுக் கடலோரத்தைவிட கிராஞ்சி சதுப்புநிலம் போன்ற நன்னீர்ப் புல்வெளிகளில்தான் அதைப் பார்க்க வாய்ப்பு அதிகம்.

பெரியது எது, நடுத்தரம் எது என்று அறிய அலகின் நிறத்தைப் பார்க்காதீர்கள். இனப்பெருக்கக் காலம் வந்தால் பெரிய கொக்கின் மஞ்சள் அலகு கறுத்துவிடும். அப்போது நிறத்தை நம்பியவர் கதி அதோகதி. வாய்க்கோட்டைப் பாருங்கள். அலகு பிளக்கும் கோடு கண்ணுக்கு அடியில் ஓடி, கண்ணைத் தாண்டியும் பின்னால் போனால் பெரிய கொக்கு. கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரம். இதைப் பார்க்கப் பக்கவாட்டு முகம் வேண்டும். படம் எடுக்கும் நேரமாகப் பார்த்துக் கொக்கு முதுகைக் காட்டும் என்பது வேறு விஷயம். முதுகுதான் கிடைத்தது என்றால் கழுத்தைப் பாருங்கள். பெரிய கொக்கின் கழுத்து உடலைவிட நீளம். நடுவில் உடைந்து, யாரோ அவசரத்தில் ஒட்டவைத்த மாதிரி ஒரு முறிவு இருக்கும். பக்கத்தில் சாம்பல் நாரை நின்றால் இன்னும் சுலபம். பெரிய கொக்கு அதோடு தோள் உரசும், உடல் நீளம் ஏறத்தாழ 80 முதல் 104 செ.மீ. சின்னக் கொக்கு 55 முதல் 65 செ.மீ.தான், நாரை பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தெரியும்.

சின்னக் கொக்குக்குக் கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம். மழைக்கு மஞ்சள் ரப்பர் பூட்ஸ் போட்டவர்போல இருக்கும். அந்தப் பாதத்தைச் சேற்றுக்குள் விட்டு நடுக்கி, மறைந்திருக்கும் மீனையும் இறாலையும் கிளப்பி விரட்டிப் பிடிக்கும். சிலைபோல நிற்பது பெரிய கொக்கின் வழக்கம், ஓடியாடி வேலை பார்ப்பது சின்னது. சிக்கல் என்னவென்றால் அந்த மஞ்சள் பாதம் முக்கால்வாசி நேரம் சேற்றுக்குள்தான் கிடக்கும். அதனால்தான் இந்தக் குழுக்களில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "கால் எங்கே தம்பி?" கால் தெரிய வேண்டுமா, அது பறக்கும்போது எடுங்கள். வாலுக்குப் பின்னால் இரண்டு பாதமும் நீட்டிக்கொண்டிருக்கும், ஒளிக்க இடமில்லை. ஆனால் ஜாவா, பிலிப்பீன்ஸ் தொடங்கி ஆஸ்திரேலியா வரைக்குமுள்ள சின்னக் கொக்குத் துணையினத்துக்குப் பாதமும் கறுப்பு. மஞ்சள் இல்லை என்பதற்காகவே வேறு இனம் என்று குதிக்கவேண்டாம்.

அப்படிக் குதிப்பவர்கள் போய் விழும் இடம் சீனக் கொக்கு. உலக அளவில் அழியும் ஆபத்தில் இருக்கும் இனம். கொரியா, சீனக் கடலோரத் தீவுகளில் கூடு கட்டிக் குளிருக்குத் தெற்கே வரும். குளிர்காலத்தில் அதன் கீழலகு அடியில் மஞ்சளாகவும் கால் பச்சை கலந்த மஞ்சளாகவும் இருக்கும். சின்னக் கொக்கின் குஞ்சுகளுக்கும் கீழலகு வெளுத்திருப்பது உண்டு. ஆகவே அலகை மட்டும் பார்த்து "சீனக் கொக்கு!!!" என்று மூன்று ஆச்சரியக்குறி போட்டவர்கள், மதியத்துக்குள் செய்தியை அழித்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். காலின் நிறத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகு குறி போடலாம்.

உண்ணிக்கொக்கைத் தேட எங்கும் போகவேண்டாம். ஊரில் அது மாட்டின் பின்னால் நடக்கும். இங்கே மாடு இல்லாததால் புல்வெட்டுபவர் பின்னால் நடக்கிறது. வீவக அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே திடலில் மெஷின் சத்தம் கேட்டால், எகிறும் வெட்டுக்கிளியைப் பொறுக்க நாலைந்து வந்து நிற்கும். குட்டையான மஞ்சள் அலகு, உருண்டைத் தலை, தாடை சற்றே உப்பல், பொன்னுக்குவீங்கி வந்த முகம்போல. மார்ச், ஏப்ரலில் தலையில் ஆரஞ்சுப் பூச்சு ஏறும். அதைப் பார்த்துப் புது இனம் என்று எழுதுபவர் ஆண்டுதோறும் ஒருவராவது இருப்பார்.

அடுத்த ஏமாற்றுக்காரர் மடையான். உட்கார்ந்தால் பழுப்புக் கோடு போட்ட சேற்றுக் கட்டி. எழுந்து பறந்தால் இறக்கை முழுக்க வெள்ளை. புதியவர் குறிப்பேட்டில் இவரே "அடையாளம் தெரியாத பழுப்புப் பறவை" என்றும் "சிறிய வெள்ளைக் கொக்கு" என்றும் இரண்டு வரி ஆகிவிடுவார். மடையானிலும் சீனம், ஜாவா, இந்தியா என்று மூன்று உண்டு. குளிர்கால உடையில் மூன்றும் ஒரே தையல்காரரிடம் போனவை. கண்டுபிடிக்க முயல்வது வீண். "மடையான், இனம் உறுதியில்லை" என்று எழுதுவதுதான் நாணயம். இனப்பெருக்க உடை ஏறினால் பிரச்சினை தீரும். தலை செந்நிறமானால் சீனம். முதுகு கறுத்துத் தலை பொன்னிறமானால் ஜாவா. முதுகு அடர்சிவப்பும் தலை வெளிர்பழுப்புமானால் இந்தியா.

சரி, அந்தப் பனியன் எப்படி வந்தது? கேமராவுக்கு உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல் என்று நினைப்பு. கரும்பச்சை அலையாத்திக்கு நடுவே சின்னதாக ஒரு வெள்ளைக் கொக்கு நின்றால், "அடடா, இருட்டு" என்று பதறி வெளிச்சத்தைக் கூட்டும். இறகு வெந்துபோகும், அதாவது கோடு, மடிப்பு எதுவும் தெரியாமல் வெறும் வெள்ளையாகும். அங்கே எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மைனஸ் 1 அளவில் வையுங்கள். அதே கொக்கு எழுந்து வெளுத்த வானத்தில் பறந்தால் கேமரா இப்போது "கண் கூசுது" என்று குறைக்கும், கொக்கு சாம்பலாகும். அங்கே பிளஸ் 1. மரத்துக்கும் வானத்துக்கும் நடுவே மைனஸ் பிளஸ் திருகிக்கொண்டிருந்தால் கொக்கு மலேசியாவே போய்ச் சேர்ந்துவிடும். அதனால் எல்லா அளவையும் நாமே வைக்கும் மேனுவல்தான் நிம்மதி. பின்னணி மாறினாலும் கொக்கின் மேல் விழும் வெயில் மாறுவதில்லை. காலை எட்டு மணி வெயிலில் ஷட்டர் வேகம் 1/2000, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 400 என்று தொடங்கி, ஒரு சோதனைப் படம் எடுத்து, வெந்த இடத்தை மினுக்கிக் காட்டும் வசதியைப் போட்டுப் பாருங்கள். முதுகு மினுக்கினால் ஷட்டரை இன்னும் வேகமாக்குங்கள். கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ரா ஃபைலாக எடுத்தால் நிழலைப் பிறகு தூக்கலாம். வெந்த இறகை யாராலும் மீட்கமுடியாது.

சூரியன் இங்கே ஏழு மணி வாக்கில்தான் உதிக்கும். ஒன்பதரைக்கு மேல் சேற்றுவெளியில் கானல் நெளியும், 600 எம்எம் லென்ஸ் இருந்தும் படம் கஞ்சியாகும். லென்ஸ்மீது பழி போடுவது அநியாயம். ஆக நல்ல வெளிச்சம் இரண்டரை மணி நேரம்தான். அதில் அரை மணியை ஏர்கான் தின்றுவிடும். குளிர்ந்த அறையிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸ் முழுக்கப் பனி மூடும். துடைத்தால் மறுபடி மூடும். பையைத் திறக்காமலே இருபது, முப்பது நிமிடம் வெளிச்சூட்டில் விட்டு எடுக்கவேண்டும். முந்தின இரவே ஏர்கான் இல்லாத ஹாலில் வைத்தால் இன்னும் உத்தமம். ஹாலில் வைத்ததை ஞாபகமாக எடுத்து வரவேண்டும், அவ்வளவுதான்.

போகும் நாளை அலை அட்டவணை பார்த்து முடிவு செய்யுங்கள். தண்ணீர் முழுக்க வற்றியிருந்தால் கொக்கெல்லாம் தொலைவில் உப்புக்கல் மாதிரி தெரியும். ஏறத் தொடங்கும்போது சேறு சுருங்கச் சுருங்க அவை தாமாகவே கரைப்பக்கம் நகரும். நாம் நகரவேண்டாம். வெளிநாட்டு வீடியோக்களில் சேற்றில் படுத்துப் பறவையின் கண்மட்டத்தில் எடுப்பார்கள். படம் அழகுதான். சுங்கை பூலோவில் உப்புநீர் முதலை உண்டு, அதுவும் கண்மட்டத்தில்தான் பார்க்கும். பறவை பார்க்கக் கட்டிய மறைவிடத்தின் கீழ்த் துளையே போதும். கண்மட்டம் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் பீஷான் - அங் மோ கியோ பூங்காவின் ஆற்றோரத்தில் புல்லில் உட்காரலாம். ஆள் நடமாட்டத்துக்குப் பழகிய சின்னக் கொக்குகள் அங்கே கிட்ட வரும். மழைக்குத் தண்ணீர் சட்டென்று ஏறும், எச்சரிக்கை ஒலித்தால் முதலில் டிரைபாடோடு எழுந்திருங்கள்.

மீன் போட்டுக் கொக்கை வரவழைப்பது மட்டும் வேண்டாம். கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கும் கதைக்கு அபராதம் இல்லை. இதற்கு உண்டு. காட்டுயிர்களுக்கு உணவு போட்டால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை போகலாம்.

குழுவில் இதற்குள் நாற்பது செய்தி ஓடியிருக்கும். வாய்க்கோடு வெந்துவிட்டது, கழுத்து மடங்கியிருக்கிறது, பக்கத்தில் நாரை இல்லை. மூத்தவர் ஒருவர் பாலில்லாத கோப்பி ஓவைக் கீழே வைத்துவிட்டுத் தட்டுவார்.

"கால் எங்கே தம்பி?"

"தண்ணிக்குள்ள இருக்கு அண்ணே."

"பறந்திருக்குமே. அதை எடுத்தியா?"

"பறந்துச்சு அண்ணே. அப்ப நான் ஸ்கிரீன்ல இந்தப் படத்தைத்தான் பெருசாக்கிப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."