இரண்டு ஸ்க்ரூவும் ஒரு கைப்பிடித் தூசும்

பென்னு என்ற சிறுகோளிலிருந்து நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் கொண்டுவந்த மண்ணைப் பற்றி நேற்று ராத்திரி முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன். 2020 அக்டோபரில் அள்ளியது, 2023 செப்டம்பரில் யூட்டா பாலைவனத்தில் இறங்கியது. மொத்தமே 121.6 கிராம். கேட்டதே 60 கிராம்தான், அதனால் இது கொழுத்த அறுவடை!

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்க்ரூ கதை. சேகரிப்பு மூடியில் 35 ஸ்க்ரூக்கள். 33 கழன்றுவிட்டன, இரண்டு மட்டும் அசையவே இல்லை. கோடிக்கணக்கான கிலோமீட்டர் போய் வந்த பெட்டி, மேசைமேல் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. பூமியின் காற்று படக்கூடாது என்று நைட்ரஜன் நிரப்பிய மூடிய கூண்டுக்குள் கையுறை வழியாகத்தான் வேலை. கண்ட கருவியையும் உள்ளே விட முடியாது. புதிதாகக் கருவி செய்து, 2024 ஜனவரியில்தான் கழற்றினார்கள்.

சரி, உள்ளே என்ன? 2025 ஜனவரியில் முடிவுகள் வந்தன. உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14, மரபுச் செய்தியைச் சுமக்கும் டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டுக்கும் வேண்டிய ஐந்து காரங்களும் (அவற்றின் 'எழுத்துகள்'), அப்புறம் உப்புநீர் வற்றியபின் தங்கும் தாதுக்கள். உயிர் இல்லை, உயிருக்கான சரக்கு மட்டும்.

இன்னொன்று. பெரும்பாலான அமினோ அமிலங்கள் நம் இரு கைகளைப் போல, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்களில் இருக்கும். நம் உடம்பிலுள்ள புரதங்கள் 'இடக்கை' அமினோ அமிலங்களால் ஆனவை. அந்தப் பழக்கம் விண்கற்கள் வழியாக வந்திருக்கலாம் என்று பலர் நினைத்தார்கள். பென்னுவிலோ இடக்கையும் வலக்கையும் ஏறக்குறைய சரிபாதி. போச்சு! பதிலைவிட இந்தக் குழப்பம்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.