டெபியன் 12-க்கு மாறிய பின் மிஞ்சும் அநாதைப் பேக்கேஜ்கள்

டெபியன் லினக்ஸ் 11-லிருந்து 12-க்கு ஏற்றிய சர்வரில் எல்லாம் ஒழுங்காக ஓடினாலும் பழைய சாமான்கள் உள்ளேயே கிடக்கும். அவற்றில் இரண்டு வகை உண்டு, தனித்தனியாகத்தான் தேட வேண்டும். வேறொரு பேக்கேஜுக்காகத் தானாக வந்து இப்போது எதற்கும் தேவைப்படாதது ஒன்று. எந்த ரெபாசிட்டரியிலும் (பேக்கேஜ்களை இறக்கும் சேமிப்பிடம்) இல்லாமல் போனது இன்னொன்று. பின்னதற்கு இனி செக்யூரிட்டி அப்டேட் வராது. அதனால் எனக்கு அதுதான் முக்கியம்.

முதல் வகைக்கு, டெபியனின் பேக்கேஜ் மேலாண்மைக் கருவியான ஆப்டில் 'ஆப்ட் ஆட்டோரிமூவ் --ட்ரை-ரன்' போதும். எதையும் நீக்காது, பட்டியல் மட்டும் தரும். எதிர்பார்த்ததைவிடப் பட்டியல் சிறிதாக இருந்தால் காரணம் இதுதான்: இருக்கும் ஏதாவது பேக்கேஜ் இன்னொன்றை 'சஜஸ்ட்ஸ்' (இருந்தால் நல்லது, கட்டாயமில்லை) என்று குறிப்பிட்டிருந்தால்கூட ஆப்ட் அந்த இன்னொன்றை விட்டுவைக்கும். அநாதைப் பேக்கேஜ் தேடும் டெப்ஆர்ஃபன் கருவி பழக்கமானவர்கள் கவனிக்க: அது வழக்கமாக லைப்ரரிப் பிரிவுகளை மட்டுமே பார்க்கும்.

பட்டியலில் பைதான்3.9 வந்தால் உடனே ட்ரை-ரன் இல்லாமல் ஓட்டி 'ஒய்' அடிக்காதீர்கள். டெபியன் 12-இல் இருப்பது 3.11. 'பைதான்3.9' என்று பதிப்பைச் சொல்லி உருவாக்கிய வென்வ் (பைதானின் தனிச்சூழல்) எதுவும் இதை நீக்கியதும் நின்றுவிடும். ஆப்டுக்கு வென்வ் இருப்பதே தெரியாது. நீக்குவதற்கு முன்பே 'பிப் ஃப்ரீஸ்' ஓட்டி வென்வில் உள்ள பைதான் பேக்கேஜ்களின் பட்டியலை எடுத்து, 3.11-இல் புதிதாகக் கட்டுவது நல்லது. நீக்கிய பிறகு அந்தப் பட்டியலை எடுக்கப் பழைய பைதானே இருக்காது.

இரண்டாம் வகைக்கு: 'ஆப்ட் லிஸ்ட் ~ஓ'. கையால் இறக்கி நிறுவிய டெப் கோப்புகளும் இதில் வரும், அவை அநாதை அல்ல. கவனிக்க வேண்டியது லிப்எஸ்எஸ்எல்1.1 என்ற என்க்ரிப்ஷன் லைப்ரரி. டெபியன் 12 லிப்எஸ்எஸ்எல்3-க்கு மாறிவிட்டது. அதை நம்பியிருக்கும் பேக்கேஜ்களைக் காட்டும் 'ஆப்ட் ஆர்டிபென்ட்ஸ் --இன்ஸ்டால்ட் லிப்எஸ்எஸ்எல்1.1' எதையும் காட்டாவிட்டாலும் நம்ப வேண்டாம். /ஓபிடி அல்லது /யுஎஸ்ஆர்/லோக்கல் கீழே நாமே கம்பைல் செய்து வைத்தவை ஆப்டின் கணக்கில் இல்லை. ஒரு ப்ரோகிராம் எந்த லைப்ரரிகளை நம்புகிறது என்று காட்டும் 'எல்டிடி'-ஐ அவற்றின் மேல் ஓட்டுங்கள். கூடவே, ரூட்டாக /ப்ராக் கீழுள்ள மேப்ஸ் கோப்புகளில் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 என்று கிரெப் செய்தால் இந்த நிமிடம் அதைப் பிடித்திருக்கும் ப்ராசஸ்கள் சிக்கும். மாதம் ஒருமுறை ஓடும் க்ரான் வேலை இதில் தப்பிவிடும். அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக மிஞ்சுவது, நீக்கிய பின்னும் கான்ஃபிக் கோப்புகளை விட்டுச் சென்றவை. 'டிபிகேஜி -எல்' வெளியீட்டில் 'ஆர்சி' என்று தொடங்கும் வரிகள் இவைதான். 'ஆப்ட் பர்ஜ் ~சி' ஒரே அடியாகத் துடைத்துவிடும் என்றாலும், பட்டியலில் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்கியூஎல்-13 இருந்தால் நிறுத்துங்கள். அதை பர்ஜ் செய்யும்போது டேட்டா டைரக்டரியையும் அழிக்கவா என்று ஒரு கேள்வி வரும், அவசரத்தில் என்டர் தட்டினால் டேட்டாபேஸே போய்விடும். போஸ்ட்கிரெஸ் கிளஸ்டர்களைப் பட்டியலிடும் 'பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்' ஓட்டி, 13-இன் டேட்டா 15-க்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து, ஒரு டம்ப்பும் எடுத்த பிறகே பர்ஜ்.