ரோந்தாப் பள்ளத்தாக்கில் ஒரு நாடகம்

முதலில் கோபத்தை இறக்கி வைத்துவிடுகிறேன். 6 பவுண்டு டிக்கெட்டில், வேல்ஸின் ட்ரியோர்க்கி என்ற ஊருக்கு நாடகம் பார்க்கப் போனேன். கடைசி ரயில் ரத்து. கார்டிஃப் திரும்ப 45 பவுண்டு என்று பேசி ஏற்றிய டாக்சிக்காரர், இறங்கும்போது இரவுக் கட்டணம் என்று 60 வாங்கிக்கொண்டார். என் இரண்டு வாரச் சாப்பாட்டுக் காசு அது! போகிறவர்கள் ட்ரியோர்க்கியிலேயே அறை எடுத்துத் தங்கிவிடுங்கள்.

ஆனாலும் அந்த நாடகத்துக்காக மறுபடியும் போவேன்.

தெற்கு வேல்ஸின் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் 50க்கும் மேற்பட்ட நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. இன்று ஒன்றுகூட இல்லை. ஊர் நடுவே இருக்கும் பார்க் அண்ட் டேர் அரங்கம், சுரங்கத் தொழிலாளர்கள் கூலியில் பவுண்டுக்கு ஒரு பென்னி கொடுத்து எழுப்பியது. நாடகம் நடந்தது அங்கே அல்ல, சற்றுத் தள்ளி ஒரு தேவாலயத்தின் பின்கூடத்தில். மடக்கு நாற்காலிகள், கடுங்குளிர். நடித்தவர்கள் அனைவரும் ஊர்க்காரர்கள்.

கதை, சுரங்கங்களை மூடும் அரசின் முடிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் 1984 மார்ச்சில் தொடங்கி ஓராண்டு நடத்திய வேலைநிறுத்தம். அப்போதைய பிரதமர் தாட்சரும் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஸ்கார்கிலும் மேடைக்கு வரவே இல்லை. அதுதான் சரி. வந்தவர்கள் பெண்கள். உதவித்தொகை அலுவலகக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. சங்கம் வேலைநிறுத்தப் படி கொடுப்பதாக அரசு தானே கணக்குப் போட்டுக்கொண்டு, குடும்பங்களுக்கான தொகையில் வாரம் 15 பவுண்டைக் கழித்தது. சங்கமோ அப்படி எதுவும் கொடுக்கவில்லை. கைக்குழந்தையோடு நின்ற பெண், "வராத பணத்தை எந்தக் கடையில் கொடுத்து ரொட்டி வாங்குவது?" என்று கேட்டதும், பார்வையாளர்களில் ஒரு பாட்டி எழுந்து, "நானும் கேட்டேன்!" என்றார். நடித்த பெண் வசனத்தை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துத் தலையசைத்தார். லண்டனில் எவ்வளவு பெரிய அரங்கிலும் இது கிடைக்காது.

இடைவேளையில் தேநீரும் வெல்ஷ் கேக்கும் 1 பவுண்டு. உலர்திராட்சை போட்டு, நம் தோசைக்கல் போன்ற இரும்புக் கல்லில் சுட்டது. சூடாக நான்கு தின்றேன். அந்த நாளில் உருப்படியாகச் செலவழித்த காசு அதுதான்.

கடைசிக் காட்சி மார்டி. 1985 மார்ச்சில், தோற்ற பிறகும் பாண்டு வாத்தியத்தோடும் சங்கக் கொடியோடும் அணிவகுத்து வேலைக்குத் திரும்பிய ஊர். 1990இல் அந்த ஊர்ச் சுரங்கமும் மூடப்பட்டது. ரோந்தாவில் கடைசியாக மிஞ்சியிருந்தது அதுதான்.

வாத்தியம் தொடங்கியதும் என் பக்கத்து இருக்கைப் பெரியவர் எழுந்து வெளியே போய்விட்டார். முடிந்தபின் வாசலில் பார்த்தேன். உடம்புக்கு என்ன என்று விசாரித்தேன். ஒன்றுமில்லை என்றார். அந்தக் காலையில் அவரும் அந்த வரிசையில் நடந்தாராம். ஒருமுறை நடந்ததே போதுமாம்.