கைக்கோடாரி முடியும் வரை

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. உலை மூட்டவில்லை. அப்பாவின் இதய ஆபரேஷனுக்கு மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வர வேண்டிய போனும் வரவில்லை.

ஜூலை 25, வெள்ளி

கரிமூட்டம் போடுகிற அண்ணன் வந்தார். கடையில் வாங்கிய கைக்கோடாரி சீமைக்கருவேல வேர்க்கட்டையில் பட்டதும் வாய் மடங்கிவிட்டதாம். அப்பாவிடம் நீட்டினார். அப்பா விரல் நகத்தால் வாயைத் தடவிவிட்டு, "இது முழுக்கப் பச்சை இரும்பு, துவைச்சலே ஏறாது" என்று திருப்பிக் கொடுத்தார். துவைச்சல் என்றால் காய்ச்சிச் சட்டென்று குளிரவிட்டு வாயைக் கடினமாக்குவது. புதிதாக ஒன்று செய்து தர முடியுமா என்று அண்ணன் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். "பாப்பா அடிக்கும். நான் உக்காந்து பாத்துக்கிறேன்."

அம்மா எழுந்து உள்ளே போனாள்.

ஜூலை 27, ஞாயிறு

காயலான் கடையில் அரை நாள் போனது. லாரிப் பட்டைகள், லாரிக்கு அடியில் பாரம் தாங்கும் வில் பட்டைகள், ஒரு மூலையில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. 70 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் கனத்தில் ஒன்றை எடுத்தேன். நடு போல்ட் துளைக்குப் பக்கத்துத் துண்டு வேண்டாம், முனை வளையத்துக்குப் பக்கத்துத் துண்டும் வேண்டாம் என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். வருடக்கணக்கில் பாரம் ஏறி இறங்கிய பட்டை அங்கேதான் முதலில் விடும்.

கடைக்காரரின் கிரைண்டரில் ஒரு முனையைத் தொட்டுப் பார்த்தேன். பொறி கிளைவிட்டுச் சிதறியது. கார்பன் இருக்கிறது, துவைச்சல் ஏறும். பக்கத்தில் கிடந்த கட்டுக்கம்பியைத் தொட்டால் நீளக் கோடாக மட்டும் போகிறது. பாலிடெக்னிக்கில் படத்தில் பார்த்தது இதுதான். அப்பா இந்தப் பொறியைப் படிக்காமலே படிக்கிறார்.

ஜூலை 28, திங்கள்

பட்டையின் துருவைத் தேய்த்து எடுத்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவினோம். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தூளின் மேல் குறுக்காக ஒரு ஈரக்கோடு எழும்பி வந்தது. கண்ணுக்குத் தெரியாத விரிசல். இரவெல்லாம் எனக்கு அப்பாவின் ஆஞ்சியோ படம்தான் நினைவில் ஓடியது. சாயம் ஊற்றி, ரத்தம் எங்கே போகாமல் நிற்கிறது என்று காட்டினார்களே, அதேதான் இதுவும். மூன்று இடம் என்றார்கள்.

அந்தப் பக்கத்தை வெட்டித் தள்ளினோம். மீதித் துண்டில் மறுபடியும் பார்த்தோம். கோடு இல்லை.

ஜூலை 30, புதன்

அம்மா இன்றைக்கும் பேசவில்லை. போன் இல்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

முழுக் கோடாரியையும் லாரிப் பட்டையிலேயே மடித்துச் செய்துவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். ஒரே உலோகம், ஒரே சூடு. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. லாரிப் பட்டை தன்னோடு தான் எளிதில் ஒட்டாது என்கிறார். உண்மைதான். அதில் சிலிக்கானோ குரோமியமோ கலந்திருக்கும். சூடேறும்போது மேலே படியும் மாசு சுலபத்தில் விலகாது.

அதனால் பழைய முறை. உடம்புக்கு மென்மையான இரும்பு, வாய்க்கு மட்டும் உருக்கு. இரும்பை நடுவில் மெலித்து, காம்புத் துளைக்கு ஒரு முளையைச் சுற்றி இரண்டாக மடித்து, இரண்டு இதழுக்கும் நடுவில் லாரிப் பட்டைத் துண்டைச் செருகி, மூன்றையும் ஒன்றாகக் காய்ச்சி ஒட்ட வேண்டும். உருக்கு உள்ளே இருப்பதில் ஒரு லாபம் உண்டு. அது இரும்பைவிடக் குறைந்த சூட்டிலேயே கருகத் தொடங்கும். வெளியே இருக்கும் இரும்பு அதைக் காப்பாற்றும்.

இரும்புக்கு எங்கே போவது என்று கேட்டேன். தொழுவத்துச் சுவரில் சாத்தியிருந்த வண்டிச் சக்கரத்தைக் காட்டினார். தாத்தா ஓட்டிய வண்டி. மரமெல்லாம் செல்லரித்துப் போய், வெளி இரும்பு வளையம் மட்டும் வட்டம் குலையாமல் நிற்கிறது. ஒரு முழத்துக்கும் குறைவாக வெட்டினேன். வெட்டுவதற்கு முன்னால் அப்பா அதைக் கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டிருந்தார். நான் அவசரப்படுத்தவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா புளியோதரை, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு எல்லாம் கிண்டினாள். அப்பாவுக்கு மட்டும் உப்புக் குறைத்துத் தனியாக. சாப்பிட்டு முடித்ததும், "கரி ஈரமாக இருந்தால் நாளைக்கு வெயிலில் போடு" என்று என்னிடம் சொன்னாள். பேசிவிட்டாள்!

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஒட்டிவிட்டது.

சாயங்காலம் வெளிச்சம் இறங்கிய பிறகுதான் தொடங்கினோம். பகலில் நிறம் பொய் சொல்லும் என்பார் அப்பா. புகை படாத மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். மூக்கில் துண்டு. புளோயரை அம்மா பார்த்துக்கொண்டாள். நான் குறட்டில் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தேன். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள். மஞ்சளில் வெளியே எடுத்து மடிப்புக்குள் வெங்காரம் தூவினேன், மாசைக் கரைத்து விலக்கும் பொடி. அது உருகி நெய்யாய் ஓடியது. மறுபடி உலைக்குள்.

இங்கேதான் என் பயமெல்லாம். ஒட்டும் சூடு என்பது வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு இடம். தாண்டினால் பொறி பறக்கும், உருக்கு எரிந்துவிடும். தாண்டாவிட்டால் மேலே ஒட்டியது போலத் தெரியும், ஒருநாள் கட்டையில் அடிக்கும்போது பிளந்துகொள்ளும். எனக்கு அந்த இடம் தெரியவில்லை. வெள்ளையாகத்தான் இருந்தது, முன்னும் பின்னும் ஒரே வெள்ளை. அப்பா "போதும்" என்றார். அந்தக் குரலுக்கு என் கை தானாக எடுத்தது.

முதல் அடிகள் லேசாக, நடுவிலிருந்து ஓரத்துக்கு, வெங்காரம் வெளியே தெறிக்கும்படி. அப்புறம் சம்மட்டி. இரண்டு சூட்டில் மூன்றும் ஒன்றாகிவிட்டது. ஆறிய பிறகு தட்டிப் பார்த்தேன். சத்தம் உடையாமல் வந்தது.

எதைப் பார்த்து "போதும்" என்றீர்கள் என்று கேட்டேன். இரும்பின் மேல் ஓடுகிற நெய் நடுங்குமாம், நடுக்கம் நிற்கும்போது எடுக்க வேண்டுமாம். எனக்கு நடுக்கமே தெரியவில்லை. இன்னும் எத்தனை தடவை அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் இதைப் பார்க்க முடியும்?

ஆகஸ்ட் 6, புதன்

தோள் தூக்க முடியவில்லை. காப்பீட்டு அட்டையில் அப்பா பெயரின் ஒரு எழுத்து வேறு மாதிரி இருக்கிறதாம். தம்பி அலைகிறான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வாயை விரித்து உருவம் கொண்டுவந்தாயிற்று. வாய் நான்கு விரல் அகலம். எடை முக்கால் கிலோவுக்குள் நிற்கும். அடிபட்டு முறுக்கேறிய இரும்பு அடங்குவதற்காகச் சிவக்கக் காய்ச்சி, காற்றில் ஆறவிட்டோம், திரும்பத் திரும்ப. கடைசியாகக் காய்ச்சியதைச் சாம்பலில் புதைத்தோம்.

அப்பாவுக்கு நடுவில் மூச்சு வாங்கியது. மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். உலையை அணைக்கப் போனேன், கையைக் காட்டித் தடுத்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, முந்தானையால் அவர் கழுத்தைத் துடைத்தாள். இந்தக் கோடாரியை நான் ஒத்துக்கொள்ளவே விட்டிருக்கக் கூடாதோ என்று ஒரு பக்கம் மனம் சொல்கிறது. இத்தனை நாளில் அவர் முகத்தில் நிறம் இருந்தது உலைக்கு முன்னால்தான் என்று இன்னொரு பக்கம் சொல்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

தண்ணீரா, எண்ணெயா? அப்பா காலமெல்லாம் தண்ணீர். லாரிப் பட்டை தண்ணீரில் வெடிக்கும் என்பது என் கட்சி. மிச்சத் துண்டு ஒன்றைக் காய்ச்சி வெதுவெதுப்பான கடலை எண்ணெயில் விட்டேன். அரம் வழுக்கியது, அவ்வளவு கடினம். பட்டறைப் பிடியில் வைத்து உடைத்துக் காட்டினேன். உடைந்த முகம் மாவு போல நைஸாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. வெகுநேரம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, எண்ணெயே இருக்கட்டும்" என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

துவைச்சல்.

பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கம்பியில் கட்டி வைத்திருந்தேன். இரும்பு 770 டிகிரியைத் தாண்டினால் காந்தம் பிடிக்காது. வாய் சிவந்து வந்தது, காந்தத்தைக் காட்டினேன், ஒட்டவில்லை. எடுக்கப் போனேன். "இரு" என்றார். காந்தம் விட்ட இடத்துக்கும் மேலே இன்னும் ஒரு படி ஏற வேண்டும், இந்த உருக்குக்கு 850-ஐ ஒட்டி. புத்தகத்தில் அந்த எண்ணை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அவர் எண் எதுவும் சொல்லவில்லை. "போதும்."

இந்தத் தடவை அவர் வாய் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால் என் கை அசைந்தது. நிழல் போல ஒரு கருமை வாய்க்குள் ஓடி, கரைந்ததைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

வாயை மட்டும் இரண்டு விரல் ஆழம் எண்ணெயில் விட்டேன். குப்பென்று தீ எழும்பி அடங்கியது. வெளியே எடுத்து அவசரமாக வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, உடம்பில் மிச்சமிருந்த சூடு வாய்க்கு இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, அப்புறம் ஊதா. ஊதாவில் முழுவதையும் எண்ணெயில் போட்டேன். நீலத்துக்குப் போனால் வாய் மடங்கும், மஞ்சளில் நிறுத்தினால் முள்ளுக்கட்டையில் சில்லு தெறிக்கும்.

மண்ணெண்ணெயும் சாக்பீஸும் மறுபடி. கோடு இல்லை. கோடு இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

போன் வந்தது. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குள் வந்து படுக்கையில் சேர வேண்டும். ரத்தம் கொடுக்க ஆள் ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். தம்பி, நான், மூட்டக்கார அண்ணனும் வருகிறேன் என்கிறார். அட்டையில் எழுத்துத் திருத்தம் முடிந்துவிட்டது.

நாட்டுக் கருவேலக் காம்பை இழைத்து வைத்தாயிற்று. துளையில் இன்னும் ஏற்றவில்லை, ஆப்பு அடிக்க வேண்டும். நாளைக்கு அப்பா பக்கத்தில் இருக்கும்போதே