கருவி மாறினால் காற்றும் மாறியதாகத் தெரியும்

நுண்துகள் மாசு குறித்த நீண்டகால வரைபடம் எதைப் பார்த்தாலும், கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்கு முன்னால், அதை எந்தக் கருவி அளந்தது, இடையில் கருவி மாற்றப்பட்டதா என்று தேடுவது என் வழக்கம். பி.எம். 2.5 தனியொரு வேதிப்பொருள் அன்று. புகைக்கரி, சல்பேட்டு, நைட்ரேட்டு, கரிமப் பொருள்கள், மண்தூசி ஆகியவற்றில் 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத விட்டமுள்ள துகள்களின் கலவை அது. அக்கலவையின் எந்தப் பண்பை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடையும் மாறுகிறது.

வடிதாளை எடைபோடும் முறையே மற்றவற்றுக்கு உரைகல். அமெரிக்காவின் அதிகாரபூர்வ அளவீட்டு முறைப்படி நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் 24 மணி நேரம் காற்றை இழுத்தால், ஏறத்தாழ 24 கன மீட்டர் காற்று வடிதாளைக் கடக்கும். கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் மாசு இருந்தால் வடிதாளில் கூடும் எடை 240 மைக்ரோகிராம்தான். இவ்வளவு சிறிய எடை என்பதால்தான் வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் நிறுக்கிறார்கள். அப்படியிருந்தும் அம்மோனியம் நைட்ரேட்டில் ஒரு பகுதி வடிதாளிலிருந்தே ஆவியாகிவிடக்கூடும். உரைகல்லும் ஓர் உடன்பாடுதான் என்று சொன்னால் தவறாகாது.

மணிக்கு மணி அளவு வேண்டுமென்றால் தானியங்கிக் கருவிகள் தேவை. பெரும்பாலும் கார்பன்-14 உமிழும் பீட்டா கதிர் தூசிப்படலத்தைக் கடக்கையில் எவ்வளவு குறைகிறது என்று கணிப்பது ஒரு வகை. அதிரும் கண்ணாடிக் குழாயின் நுனியில் துகள் படியப் படிய அதிர்வெண் குறைவதைக் கணிப்பது இன்னொரு வகை. பின்னதில் ஈரத்தைப் போக்க 50 டிகிரி வரை சூடாக்கியதால், எளிதில் ஆவியாகும் பகுதியும் தொலைந்தது. பிரிட்டனில் பி.எம். 10 (10 மைக்ரோமீட்டர் வரை விட்டமுள்ள துகள்கள்) அளவுகளை இதற்காகவே 1.3ஆல் பெருக்கி ஈடுசெய்தார்கள். நைட்ரேட்டின் பங்கு பருவத்துக்குப் பருவம் மாறும்போது ஒரே எண்ணால் பெருக்குவது முரட்டுத் திருத்தம் என்றே எனக்குப் படுகிறது. ஆவியாகும் பகுதியையும் கணக்கில் எடுக்கும் கருவி பின்னர் அதே இடத்துக்கு வந்தால், காற்று மாறாமலே கோடு மேலெழும்.

மலிவான லேசர் உணரிகள் எடையை அளப்பதேயில்லை. சிதறும் ஒளியிலிருந்து அதை ஊகிக்கின்றன. ஈரக்காற்றில் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருப்பதால் அளவு கூடுதலாகக் காட்டும். செயற்கைக்கோள் தரவோ தரையிலிருந்து வான்வரையுள்ள முழுக் காற்றுத் தம்பத்தின் ஒளிமறைப்பைத்தான் தருகிறது. நிலையங்களே இல்லாத பரப்புகளுக்கு அது பெருந்துணை என்றாலும், மேகமூட்டமான நாள்களில் இடைவெளி விழும்.

ஆகவே, போக்கை அறிய விரும்புவோருக்கு, ஒரே அளவில் தவறிக்கொண்டேயிருக்கும் ஒரு கருவி, ஒன்றோடொன்று ஒப்பிடப்படாத இரண்டு துல்லியமான கருவிகளைவிட மேல் என்பது என் கணிப்பு. கருவியை மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால், எல்லாப் பருவங்களும் அடங்குமாறு பழையதையும் புதியதையும் ஓராண்டாவது அருகருகே இயக்க வேண்டும். அது நடக்கவில்லையெனில், இரு காலங்களையும் ஒரே கோடாக இணைக்காமல், நடுவே இடைவெளி விட்டு இரண்டு கோடுகளாக வரைவதே நேர்மை.